ஜீவனாம்சம்: பங்கு கேட்கும் சொல்

பிரபலம் ஒருவரின் விவாகரத்துச் செய்தியில் ஜீவனாம்சத் தொகை கோடிகளில் அச்சாகிவிட்டால் போதும், டீக்கடையிலிருந்து கல்யாணப் பந்தி வரை ஒரு வாரத்துக்கு அதே பேச்சுதான். "உட்கார்ந்த இடத்தில் இவ்வளவா?" என்று வாயைப் பிளப்பவர்கள் ஒருபுறம், "பாவம், அந்த ஆள்" என்று உச்சுக்கொட்டுபவர்கள் மறுபுறம். அதே வாரத்தில் ஏதோ ஒரு தாலுகா நீதிமன்றத்தில், மாதம் சில ஆயிரம் ரூபாய் கேட்டுப் போட்ட மனு இன்னொரு வாய்தாவுக்குத் தள்ளிப்போயிருக்கும். இரண்டுக்கும் பெயர் ஜீவனாம்சம்தான். முதலாவதைப் பேராசை என்றும் இரண்டாவதை இரக்கத்துக்குரியது என்றும் எளிதாகப் பிரித்துவிடுகிறோம். பேராசை, இரக்கம் இரண்டுமே அந்தச் சொல்லுக்குள் இல்லை. அதற்குள் இருப்பது கணக்கு.

ஜீவனம் என்றால் பிழைப்பு. 'வயிற்று ஜீவனம்', 'ஜீவனம் நடத்துவது' என்று பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கும் சொல். அம்சம் என்றால் பங்கு, கூறு. இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை; சேர்ந்தால், பிழைப்பதற்கென்று பிரித்துக் கொடுத்த பங்கு. இதில் அம்சத்தின் கதைதான் விசித்திரமானது. 'சிறப்பம்சம்', 'முக்கிய அம்சங்கள்' என்று எழுதி எழுதி அதன் பொருள் 'தன்மை' என்று மாறிவிட்டது. 'பெண் அம்சமாக இருக்கிறாள்' என்றால் அழகு. பங்கு என்ற பழைய பொருள் நம் காதில் விழுவது நின்று வெகுகாலமாகிறது. அது கெட்டியாக ஒட்டிக்கொண்டிருப்பது ஜாதக நோட்டில் மட்டும்தான். ராசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'அம்சம்' என்று இன்னொரு கட்டம் போடுகிறார்களே, அது நவாம்சம். 30 பாகை கொண்ட ஒரு ராசியை ஒன்பது பங்காகக் கூறு போட்டால் ஒவ்வொன்றும் 3 பாகை 20 கலை. மண வாழ்க்கை எப்படியிருக்கும் என்று பார்க்க ஜோசியர் புரட்டுவதும் இந்தக் கட்டத்தைத்தான். கல்யாணம் பேசும்போது அம்சம் பார்த்தவர்கள், கல்யாணம் முறிந்தபின் இன்னொரு அம்சத்துக்காக நீதிமன்றம் ஏறுகிறார்கள்.

இந்தச் சொல் விவாகரத்துக்காகப் பிறந்ததும் அல்ல. விவாகரத்து என்ற ஒன்றைச் சட்டம் ஏற்பதற்கு வெகு முன்பே சொத்துத் தகராறுகளில் அது புழங்கிக்கொண்டிருந்தது. ஜமீன்களில் பெரும்பாலானவை பங்கு போட முடியாதவை; மூத்த மகனுக்கு முழுச் சொத்தும் பட்டமும் போகும். தம்பிமார்களுக்கும் விதவைகளுக்கும் என்ன வழி? சில கிராமங்களின் வருவாயோ, நிலமோ, ஆண்டுக்கு இத்தனை ரூபாய் என்றோ பிழைப்புக்காக ஒதுக்கிவைப்பார்கள். 1948இல் சென்னை மாகாணம் ஜமீன்களை ஒழித்துச் சட்டம் போட்டபோது, ஜமீன்தாருக்குத் தரும் இழப்பீட்டிலிருந்து இந்த ஜீவனாம்சக்காரர்களுக்கும் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு அது உறுதியான உரிமை. பங்கு கிடைக்காதவனுக்குப் பங்குக்குப் பதிலாகக் கொடுப்பது என்பதே அங்கு ஜீவனாம்சத்தின் பொருள். ஜமீனின் தம்பி அதை வாங்கியதற்காக யாரும் அவரை ஏளனமாகப் பார்த்ததில்லை, அவரும் அரண்மனைக்காரர்தான்.

சாதாரணக் குடும்பங்களில் இது விதவையின் சொல்லாக இருந்தது. மிதாக்ஷரம் என்ற பழைய இந்துச் சொத்துரிமை முறைப்படி கூட்டுக் குடும்பத்தில் கணவன் இறந்தால் அவன் பங்கு மற்ற ஆண்களிடம் போய்ச் சேரும். மனைவிக்கு மிஞ்சுவது சோறும் துணியும் இருக்க ஒரு மூலையும். அதற்கும் நிபந்தனை உண்டு. அவள் நடத்தை தவறினாள் என்று நிரூபித்துவிட்டால் ஜீவனாம்சம் போச்சு. திருந்தி நடக்கிறாள் என்றால் உயிர் போகாத அளவுக்கு மட்டும் ஏதாவது தரலாம் என்று பழைய இந்துச் சட்ட நூல்கள் அளந்து வைத்திருக்கின்றன. அந்த அளவுக்கு ஆங்கிலேய வழக்கறிஞர்கள் வைத்த பெயரிலேயே பட்டினி என்ற சொல் இருந்தது. ஒளிவுமறைவில்லாத பெயர்.

நெல்லூரில் ஒரு விதவை 1944இல் இந்த ஜீவனாம்சத்துக்காக வழக்குப் போட்டார். கணவர் 1931இல் கூட்டுக் குடும்பச் சொத்து பிரிக்கப்படாத நிலையில் இறந்திருந்தார். சொத்து கணவரின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர் கையில். 1949இல் சமரசம் ஆகி, ஆயுள் உள்ளவரை அனுபவித்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சில சொத்துகளை அவருக்கு விட்டார்கள். 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அவர் அந்தச் சொத்தில் கொஞ்சத்தைக் குத்தகைக்கு விட்டார், கொஞ்சத்தை விற்றார். 'அதெப்படி, அது ஜீவனாம்சத்துக்கு விட்டதுதானே' என்று அந்தச் சகோதரர் வழக்குக்குப் போனார். துளசம்மா வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கும் இந்த வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஜீவனாம்சம் என்பது கருணைக் கொடை அல்ல, இந்துப் பெண்ணுக்கு முன்பே இருந்த உரிமை, அந்த உரிமைக்கு ஈடாகக் கிடைத்த சொத்து 1956க்குப் பிறகு அவளுக்கே முழுச் சொந்தம். 33 ஆண்டுகள் ஓடிய வழக்கு. அம்சம் என்ற சொல்லில் ஒளிந்திருந்த பங்கை ஒரு நீதிமன்றம் வெளியே எடுத்துக் காட்டியது என்றால் அது இங்கேதான். ஆனால் அது விதவைக்கு. கணவனைப் பிரிந்து வாழும் பெண்ணின் கதை வேறு தடத்தில் போனது.

அந்தத் தடத்தைப் பார்க்கும் முன் இரண்டு சொற்கள். கணவனைக் குறிக்கும் 'பர்த்தா'வும் மனைவியைக் குறிக்கும் 'பாரியை'யும் வடமொழியில் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. தாங்குபவன் பர்த்தா, தாங்கப்பட வேண்டியவள் பாரியை. உறவின் பெயரிலேயே பராமரிப்பு அடங்கிவிடுகிறது. வயதான பெற்றோரையும் நல்ல மனைவியையும் சிறு குழந்தையையும் நூறு தகாத செயல்கள் செய்தாவது காப்பாற்ற வேண்டும் என்று மனு சொன்னதாக ஒரு சுலோகத்தை நீதிபதிகள் இன்னமும் தீர்ப்புகளில் எடுத்தாளுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'நல்ல மனைவி' என்ற அடைமொழிதான் வழக்காடும் இடம். நீதிமன்றத்தில் பாதி நேரம் போவது அவள் நல்லவளா என்ற விசாரணையில்.

அர்த்தசாஸ்திரம் இதில் கொஞ்சம் வேறு மாதிரி பேசுகிறது. பெண்ணின் சொந்தச் சொத்தை அது இரண்டாகப் பிரிக்கிறது: ஒன்று விருத்தி, அதாவது பிழைப்புக்கான பொருள், மற்றொன்று உடம்பில் அணியும் நகை. பிழைப்புக்கான பொருள் அவளுடைய சொத்துக் கணக்கிலேயே வந்துவிடுகிறது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் வெறுத்தால் சில வகைத் திருமணங்களில் பிரிந்துகொள்ளலாம் என்றும் அந்த நூல் சொல்கிறது.

நம் ஊர்ப் பக்கத்திலும் பிரிவு புதிதல்ல. மேல்தட்டுச் சாதிகளின் சாத்திரம் திருமணத்தை அறுக்க முடியாத முடிச்சு என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே பல சமூகங்களில் தீர்த்துவிடுதலும் அறுத்துக்கட்டுதலும் சர்வ சாதாரணம். மதுரை வட்டாரத்தில் ஊரார் முன்னிலையில் கணவன் மனைவி கையில் ஒரு துரும்பைக் கொடுத்தால் கல்யாணம் தீர்ந்தது. 'துரும்பு கொடுத்தல்' என்றாலே விலக்கிவிடுதல் என்று பொருள் என்பதை வெள்ளைக்காரக் காலத்து இனவரைவியல் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. அப்படிப் பிரிந்தவளுக்கு என்ன தருவது என்பதைப் பஞ்சாயத்து முடிவு செய்யும்: போட்ட நகை, கொண்டுவந்த பாத்திரம், சில இடங்களில் தீர்வைப் பணம். மாதா மாதம் ஆயுள் முழுக்க என்ற பேச்சு அங்கு பெரும்பாலும் இல்லை. மறுமணத்துக்குத் தடையில்லாத சமூகத்தில் அதற்குத் தேவையும் குறைவு. மாதா மாதம் தரும் ஜீவனாம்சம், பிரிந்தாலும் மறுபடி கட்டக் கூடாத பெண்ணைக் கற்பனை செய்துகொண்டு வளர்ந்த ஏற்பாடு.

ஆங்கிலேயர் கொண்டுவந்த ஏற்பாட்டுக்கும் அதே பின்புலம்தான். இங்கிலாந்தில் 1857 வரை திருமண வழக்குகள் திருச்சபை நீதிமன்றங்களில் நடந்தன. அங்கு முழு விவாகரத்து கிடையாது. ஒரே வீட்டில் வாழாமல் பிரிந்திருக்க மட்டும் அனுமதி. கல்யாணம் சட்டப்படி உயிரோடிருக்கும், ஆகவே சோறு போடும் கடமையும் உயிரோடிருக்கும். அந்தக் கடமைக்கு அவர்கள் வைத்த 'அலிமனி' என்ற பெயரின் லத்தீன் வேருக்கு ஊட்டுதல் என்று பொருள். இந்தியக் கிறிஸ்தவர்களுக்காக 1869இல் போட்ட விவாகரத்துச் சட்டம் இதை அப்படியே இறக்குமதி செய்தது. வழக்கு நடக்கும்போது மனைவிக்குத் தரும் தொகை கணவனின் மூன்றாண்டுச் சராசரி நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றும் அதில் எழுதினார்கள். பங்கு வந்துவிட்டதே என்று பார்த்தால், அது உச்சவரம்பாக வந்தது. அந்த ஐந்தில் ஒன்றை நீக்க 2001 ஆனது.

மற்ற எல்லோருக்கும் கிடைத்தது இன்னும் வேடிக்கையான இடத்திலிருந்து. இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், 1861இல் வந்த முதல் தொகுப்பிலேயே, மனைவியையும் குழந்தையையும் கைவிட்டவனிடம் மாதத் தொகை வசூலிக்கக் குற்றவியல் நடுவருக்கு, அதாவது மாஜிஸ்திரேட்டுக்கு, அதிகாரம் இருந்தது. அதன் நோக்கம் என்ன? 1872 தொகுப்பைக் கொண்டுவந்த சட்ட உறுப்பினர் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் ஒளிக்காமல் சொன்னார்: கதியற்றவர்கள் நாடோடிகளாக அலைவதைத் தடுப்பது, குறைந்தபட்சம் அதன் விளைவுகளைத் தடுப்பது. சோறில்லாதவர்கள் தெருவுக்கு வந்தால் திருட்டு வரும், அமைதி கெடும். ஆகவே வீட்டுக்காரனைப் பிடித்துக் கட்டச் சொல். இது போலீஸ் யோசனை. சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் இன்றும் இது தெரியும். 1973 தொகுப்பில் ஜீவனாம்சம் 125ஆவது பிரிவு. அதற்கு முந்தைய அத்தியாயம் நன்னடத்தைக்காகப் பிணை எழுதி வாங்குவது பற்றியது. அடுத்த அத்தியாயம் சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைப்பது பற்றியது. நடுவில் மனைவி, குழந்தை, வயதான தாய் தந்தை. 2024 ஜூலை 1 முதல் அந்தத் தொகுப்புக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்து பிரிவு எண் 144 ஆகிவிட்டது. அக்கம்பக்கத்தவர்கள் மாறவில்லை.

அலையாமல் இருக்க எவ்வளவு போதும் என்பதையும் அரசே நிர்ணயித்தது. 1898 சட்டத்தில் மாதம் 50 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. 1923இல் 100. 1955இல் 500. அதன் பிறகு விலைவாசி எங்கெங்கோ போயிற்று, வரம்பு மட்டும் 46 ஆண்டுகள் அசையவில்லை. சில மாநிலங்கள் தாமாக உயர்த்திக்கொண்டன. மத்தியச் சட்டத்திலிருந்து உச்சவரம்பை எடுத்தது 2001இல்தான். கணவன் மாதம் லட்சம் சம்பாதித்தாலும் குற்றவியல் நடுவரால் 500 ரூபாய்க்கு மேல் உத்தரவிட முடியாது என்ற நிலை தொலைக்காட்சித் தொடர்கள் வந்த பிறகும் இருந்தது என்பதை இப்போது நம்புவது கடினம்.

இதில் பெரிய ஓட்டை வேறொன்று. 1973 வரை இந்தப் பிரிவு 'மனைவி'க்கு மட்டும். விலக்கிவிட்டால் அவள் மனைவி இல்லை. ஆகவே கட்ட வேண்டியதும் இல்லை. விலக்குவது எளிதாக இருந்த ஆண்களுக்கு இது வசதியான வாசல். 1973 தொகுப்பு அந்த வாசலை அடைத்தது. மனைவி என்ற சொல்லில், விவாகரத்துப் பெற்று மறுமணம் செய்துகொள்ளாத பெண்ணும் அடக்கம் என்று விளக்கம் சேர்த்தது. 1974 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்துக்களுக்கு விவாகரத்தும் அதற்குப் பின்னான நிரந்தர ஜீவனாம்சமும் 1955 திருமணச் சட்டத்தில் வந்துவிட்டன. சென்னை மாகாணத்தில் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1949இல், இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்தை அனுமதித்த சட்டம் இருந்தது. ஆனால் அவை சிவில் வழக்குகள். காசும் காலமும் இருப்பவர்களுக்கு. எந்த மதத்தவளும் பக்கத்து ஊர் நடுவரிடம் போய்க் கேட்கலாம் என்ற நிலை விலக்கப்பட்ட பெண்ணுக்கு 1974இல் வந்தது.

நான்கே ஆண்டுகளில் இந்தூரில் அந்த வாசலைத் தட்டினார் ஷா பானு. 1932இல் கல்யாணம், ஐந்து பிள்ளைகள், கணவர் வழக்கறிஞர். 1975இல் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். 1978 ஏப்ரலில் மனு போட்டுக் கேட்டது மாதம் 500 ரூபாய். சட்டத்தின் உச்சவரம்பே அதுதான். மனு நிலுவையில் இருக்கும்போதே நவம்பரில் கணவர் தலாக் சொல்லிவிட்டார். நடுவர் கொடுத்தது மாதம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. அந்த 20 காசு எந்தக் கணக்கில் வந்தது என்று யோசித்துப் பார்க்கத்தான் தோன்றுகிறது. 1985 ஏப்ரல் 23 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது இந்த 179.20ஐத்தான். நாட்டையே உலுக்கிய தீர்ப்பின் பண மதிப்பு அவ்வளவு.

அதன் பின் நடந்தது தெரிந்த அரசியல். இஸ்லாமியத் தனிச் சட்டத்தில் கணவன் தர வேண்டிய 'நஃபகா' என்ற பராமரிப்பு, விலக்கப்பட்டவள் மறுமணம் செய்யாமல் காத்திருக்கும் இத்தா காலம் முடியும்வரைதான், சுமார் மூன்று மாதம், என்ற வாதத்தை ஏற்று 1986இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. அந்தச் சட்டம் 'நியாயமான ஏற்பாடு' என்று சொல்வது இத்தா காலத்துக்குள் செய்ய வேண்டியது, ஆனால் அவளுடைய எதிர்காலம் முழுவதற்கும் போதுமானதாக இருக்க வேண்டியது என்று 2001இல் டேனியல் லதீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் வியாக்கியானம் செய்தது. 2024 ஜூலையில், தெலங்கானாவிலிருந்து போன வழக்கொன்றில், பொதுவான பிரிவின் கீழும் முஸ்லிம் பெண்கள் கேட்கலாம் என்று மீண்டும் சொல்லியிருக்கிறது. சுற்றிவந்து 1974இல் நின்ற இடத்துக்கே வந்தாயிற்று. நடுவே ஒரு தலைமுறை வயதாகிவிட்டது.

மற்ற மொழிகள் இதை எப்படி அழைக்கின்றன என்று பார்த்தால் நம் சொல்லின் தனித்தன்மை விளங்கும். மராத்தியில் 'போட்கி', 'போட்' என்றால் வயிறு. வங்காளியில் 'கோர்போஷ்', பாரசீகத்திலிருந்து வந்த சோறும் துணியும். இந்தியில் 'குசாரா பத்தா', நாளைக் கழிக்க ஒரு படி. இவையெல்லாம் தேவையைச் சொல்கின்றன: வயிறு, துணி, பொழுது. இலங்கைத் தமிழர்கள் 'தாபரிப்பு' என்பார்கள். அங்கு சட்டத்திலும் நீதிமன்றத்திலும் தாபரிப்புப் பணம், தாபரிப்பு வழக்கு என்பதே வழக்கு. தாங்கி ஆதரித்தல் என்று பொருள். சிங்களத்தில் அதே சட்டத்துக்கு 'நடத்து' என்று பெயர். நம்முடைய 'நடத்து'தான் கடன் போய் அங்கே சட்டச் சொல்லாகிவிட்டது. தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றிலும் புழங்கும் ஜீவனாம்சத்தில் மட்டும் பங்கு என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. தூய தமிழ் விரும்பிகள் 'பராமரிப்புத் தொகை' என்று எழுதுகிறார்கள். மொழி பெயர்ந்ததோ இல்லையோ, அந்த மாற்றத்தில் பங்கு காணாமல் போகிறது. இதற்காகவே நான் பழைய சொல்லின் கட்சி.

சரி, இன்று ஒருவர் கேட்டால் என்ன கிடைக்கும்? விவாகரத்து வழக்கு நடக்கும்போது இடைக்கால ஜீவனாம்சம். முடியும்போது நிரந்தர ஜீவனாம்சம், மாதா மாதமாகவோ மொத்தமாகவோ. இந்து திருமணச் சட்டத்தில் கணவனும் கேட்கலாம். சட்டம் இருவருக்கும் பொதுவாகவே எழுதப்பட்டிருக்கிறது. குற்றவியல் பிரிவில் கணவனுக்கு இடமில்லை. எவ்வளவு என்பதற்குச் சூத்திரம் கிடையாது. கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதை வழக்கறிஞர்கள் மந்திரம் போல் உச்சரிக்கிறார்கள். அது கட்டாய விதி அல்ல. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வந்த வழிகாட்டுதல்தான் நடைமுறையை உண்மையில் மாற்றியது. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். தொகை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காகும்.

அந்தப் பத்திரம் படிக்க வேண்டிய ஒன்று. வாடகை எவ்வளவு, மளிகை எவ்வளவு, மருந்துக்கு, போக்குவரத்துக்கு, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு எவ்வளவு என்று ஒரு குடும்பத்தின் மாத பட்ஜெட் வரிசையாக விரியும். வங்கிக் கணக்கு எண், காப்பீட்டு பாலிசி, வண்டி, நகை என்று இன்னொரு பக்கம். ஐ.டி. நிறுவனத்தில் இருப்பவர் திடீரென்று வேலையை விட்டிருப்பார். கடை வைத்திருந்தவரின் கடை தம்பி பெயருக்கு மாறியிருக்கும். பெண்ணின் பக்கத்தில் 'பி.இ. படித்திருக்கிறார், வேலைக்குப் போகலாம்' என்று எதிர்மனு சொல்லும். போகலாம் என்பதும் போகிறார் என்பதும் ஒன்றல்ல என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெருவில் நிற்கும் நிலை வந்தால்தான் கேட்கலாம் என்பதில்லை, கணவன் வீட்டில் வாழ்ந்த தரத்துக்கு ஓரளவு ஒத்து வாழ வழியில்லை என்றால் போதும் என்று 2007இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

உத்தரவு வாங்குவது பாதிதான். வசூல் இன்னொரு வழக்கு. கட்டாமல் விட்டால் ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை. பலர் போய் இருந்துவிட்டு வந்து கணக்குத் தீர்ந்ததாக நினைக்கிறார்கள். தீராது. சிறை என்பது கட்ட வைப்பதற்கான நெருக்கடி, கடனுக்கு ஈடு அல்ல என்று 1988இலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அதே சமயம் பெண்கள் பலர் அறியாத கண்ணி ஒன்றும் இருக்கிறது: நிலுவைத் தொகைக்குக் குற்றவியல் பிரிவில் வாரண்டு கேட்கும் மனு அந்தத் தொகை வர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். 'கொடுப்பார், பார்க்கலாம்' என்று பொறுமையாக இருந்தவருக்குப் பழைய பாக்கியை இந்த வழியில் வாங்க முடியாமல் போகும்.

சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஒரு சிறு பிரிவு எனக்குப் பிடித்தது. கடன்காரர் ஒருவர் உங்கள் சம்பளத்தை ஜப்தி செய்ய வந்தால், முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. ஜீவனாம்சத் தீர்ப்பு என்றால் கணக்கு தலைகீழ்: உங்களுக்குப் பாதுகாப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும்; மூன்றில் இரண்டு வரை பிடிக்கலாம். வங்கிக் கடனை விடக் குடும்பக் கடன் பெரியது என்று யாரோ ஒரு சட்ட வரைவாளர் எண்ணியிருக்கிறார்.

ஆனாலும் இவ்வளவும் வருமானத்தைச் சுற்றியே நிற்கிறது. சொத்துக்கு வரும்போது சட்டம் வாயைத் திறப்பதில்லை. இருபது ஆண்டு மண வாழ்க்கையில் வாங்கிய வீடு கணவன் பெயரில் இருந்தால் அது கணவனுடையது. தவணை கட்டியது அவர் சம்பளம். அந்தச் சம்பளம் மிஞ்சும்படி வீட்டை நடத்தியது யார் என்ற கேள்வி பத்திரத்தில் இல்லை. பல நாடுகளில் விவாகரத்தின்போது திருமணக் காலச் சொத்தை முதலில் பிரிப்பார்கள். மாதத் தொகை அதற்குப் பின். இந்தியாவில் அந்த முதல் படி கிட்டத்தட்ட இல்லை. முழு பாரமும் ஜீவனாம்சத்தின் தலையில் விழுகிறது. கோடிகளில் வரும் செய்திகளைப் பார்த்து வாய் பிளப்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: வெளிநாட்டில் சொத்துப் பிரிவினை என்ற பெயரில் போயிருக்க வேண்டிய தொகை இங்கே ஜீவனாம்சம் என்ற பெயரில் போகிறது. கோவாவில் மட்டும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற 1867 சிவில் சட்டத்தின் தொடர்ச்சியாக, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கணவன் மனைவி சொத்து பொதுவானது, பிரிந்தால் சரிபாதி.

மற்ற இடங்களுக்கும் கணவனின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் வகையில் ஒரு திருத்த மசோதா வந்தது. 2010இல் அறிமுகமாகி, 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் எடுக்கப்படாமலே அந்த அவையின் காலம் முடிந்து மசோதாவும் காலாவதியானது. அதற்கு எழுந்த எதிர்ப்பைப் படித்தால், ஜமீன் தம்பிக்குத் தோட்டம் விட்டபோது யாருக்கும் வராத கவலையெல்லாம் அதில் இருக்கிறது.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. கணவர் சவூதி அரேபியாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி நெய்வேலிப் பக்கம் இருந்து பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்து யாருடையது என்று தகராறு. வீட்டு வேலைக்கு விடுமுறையும் இல்லை, நேர வரம்பும் இல்லை; மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டிராவிட்டால் கணவரால் வெளிநாட்டில் சம்பாதித்திருக்க முடியாது; ஆகவே சொத்தில் அவருக்குச் சரிபாதி உண்டு என்றார் நீதிபதி. இல்லத்தரசியின் பங்களிப்பை அங்கீகரிக்கும் சட்டம் எதுவும் இதுவரை இயற்றப்படவில்லை, அதை அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்பதையும் அவரே குறிப்பிட்டார். அது விவாகரத்து வழக்கு அல்ல, தனி நீதிபதியின் தீர்ப்பு. குடும்ப நீதிமன்றங்களில் நாளை தாக்கலாகப் போகும் மனுக்களில் இன்னமும் சொத்துக்கென்று ஒரு கோரிக்கை வைக்க நேரடியான பிரிவு இல்லை. பால், மளிகை, வாடகை, பள்ளிக் கட்டணம் என்று பட்டியல் போட்டு, மாதம் இவ்வளவு என்றுதான் கேட்க முடியும்.